பதினாறா, முப்பத்திரண்டா

அந்தப் பெட்டியை யாரும் அணைத்துவிடக் கூடாது என்று என் அக்கா கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். வீடு பெருக்க வருகிற அம்மாவிடம் சொன்னாள். மாடி வீட்டுக்காரரிடம் சொன்னாள். மின்சார அலுவலகத்தையே தொலைபேசியில் கூப்பிட்டு, எங்கள் தெருவில் மின்சாரத்தை நிறுத்துவதாக இருந்தால் முன்கூட்டியே எனக்குத் தெரிய வேண்டும் என்றாள். எடுத்த ஆள் சிரித்துவிட்டார். அக்கா விட்ட டோஸில், அதற்குப் பிறகு மின்தடை வருமுன் அவரே கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். போதாக்குறைக்கு நான் வேறு என் கடையிலிருந்து ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வந்தேன். மனசாரச் செய்யவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். செத்துப்போன குழந்தையின் அறையில் ஒரு பழைய கணினி ராவும் பகலும் சூடாக உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டி அத்தானுடையது. விசைப்பலகையும் கணினியும் ஒரே உடம்பாக இருக்கிற பழைய ரகம், தொலைக்காட்சியில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். அத்தான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவர். மற்ற நேரமெல்லாம் குப்பைக்குப் போக வேண்டிய கணினிகளை வாங்கி வந்து ஓர் அறை நிறைய அடுக்கி வைத்திருந்தார். "இதுங்களைத் துடைக்கிற நேரத்துல வீட்டு ஜன்னலைத் துடைச்சிருந்தா புண்ணியமா போயிருக்கும்" என்பாள் அக்கா. அந்த வீட்டில் அப்போதெல்லாம் கேலி இருந்தது.

அவர்களுடைய ஒரே பெண்ணை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். ஏழு வயது. அப்பாவின் அறைக்குள் போகாதே என்றால் அங்கேதான் நிற்பாள். அந்த மதியமும் அங்கேதான் இருந்தாள். அத்தான் வேலைக்குப் போயிருந்தார், அக்கா அடுப்படியில் இருந்தாள். அறையை ஒட்டி ஒரு பால்கனி. கம்பியோரமாக நாற்காலியைப் போட்டு ஏறியிருக்கிறாள். எதைப் பார்க்க ஏறினாள் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் மாடி. அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

சில வாரம் கழித்துத்தான் அத்தான் அந்த அறைக்குள் போனார். கடைசியாக வாங்கி வந்திருந்த இந்தப் பெட்டி அன்றிலிருந்து அணைக்கப்படாமலே கிடந்தது. தொலைக்காட்சியைப் போட்டால், பதிவு முடிந்தது என்று திரையில் இருந்தது. அந்தப் பெட்டியோடு ஒலிப்பதிவுக்கென்று அதில் செருகுகிற ஒரு கட்டையும் சின்ன மைக்கும் வந்திருந்தன. வாலு அதைத் தட்டிவிட்டிருக்கிறாள். அத்தான் ஒன்று என்ற விசையை அழுத்தினார். குழந்தையின் குரல் வந்தது.

"அம்மா, இங்க வா. வந்து பாரேன்."

பிறகு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். அதோடு அறுந்துவிடும்.

அவ்வளவுதான். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட இல்லை. அதைக் கைபேசியில் பிடித்து வைத்துக்கொண்டு அக்கா நாளெல்லாம் கேட்டாள். தலைவாரிக்கொண்டு கேட்டாள், துணி மடித்துக்கொண்டு கேட்டாள். ஒவ்வொரு முறையும், "நான் பதில் சொன்னேன். இதோ வர்றேன்னு சொன்னேன்" என்பாள். அத்தான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். நல்ல மனுஷன், இதுவரை ஒருவரை எடுத்தெறிந்து பேசியதில்லை. ஒரு நாள் தாங்கமாட்டாமல், "அவ கூப்பிட்டப்பவே நீ எழுந்து போயிருந்தா" என்று சொல்லிவிட்டார். வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை. முடிக்காவிட்டால் என்ன, கேட்க வேண்டியவளுக்குக் கேட்டுவிட்டது. அதிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேரும் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதைத் தவிர வேறு பேசிக்கொள்வதில்லை.

அக்கா என் கடைக்கு வந்தாள். நான் பழுது பார்க்கிறவன். கடைகளில் பில் அடிக்கிற இயந்திரம், எடைபோடுகிற இயந்திரம், எது வந்தாலும் பிரித்துப் பார்ப்பேன். என் முன்கோபத்துக்குப் பயந்து பாதிப்பேர் பொருளை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். அக்கா ஓடவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் பதிவு ரெண்டு பாதியாம்டா. ஒன்னை அழுத்தினா முதல் பாதி, ரெண்டை அழுத்தினா ரெண்டாவது பாதி. அந்த ரெண்டு வேலை செய்யல. விசை செத்துப் போச்சு."

"யாரு சொன்னா?"

"உங்க அத்தான்தான், இதை மட்டும் வாயைத் திறந்து சொன்னார். ஆனா சரி பண்ணிக் குடுங்கன்னா, அதுல ஒன்னும் இருக்காதுங்கறார். மெமரி முழுசா இருந்தாதான் இருக்குமாம். பாதிதான் இருக்குன்னா ரெண்டாவது பாதியே கிடையாதாம். என்னடா இது, பாதி முழுசுன்னு என் உயிரை வாங்கறீங்க. இருக்கா இல்லையா?"

"பெட்டியைப் பார்க்காம என்னத்தைச் சொல்றது?"

"அதுல என் பதில் இருக்கும். அவ கூப்பிட்டதுக்கு அப்புறம்தானே நான் சொன்னேன். அதை அந்த மனுஷன் காதால கேக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன். என் அக்கா என்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை.

போய்ப் பார்த்தால் அந்தச் சனியன் லேசுப்பட்டதாக இல்லை. அந்த ரகத்தில் இரண்டு வகை வந்திருக்கிறது. ஒன்றில் பதினாறு கிலோபைட் நினைவகம், இன்னொன்றில் முப்பத்திரண்டு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இன்றைக்கு ஒரு கைபேசிப் படத்துக்குக்கூடக் காணாத அளவு, அதற்குத்தான் இத்தனை பாடு. பெட்டியின் அடியில் முப்பத்திரண்டு என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. விற்றவன் ஒட்டியிருப்பான். விலை கூடுமென்றால் முந்நூறு என்றுகூட ஒட்டுவான்.

"அணைச்சுப் போட்டா முதல் திரையில எவ்வளவுன்னு காட்டும்" என்றார் அத்தான். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது.

"அணைச்சா உள்ள இருக்கறது போயிடும்."

"அதான்."

"வாங்கின அன்னிக்குப் போட்டுப் பார்த்தீங்கல்ல? என்ன காட்டுச்சு?"

"பதினாறுன்னு ஞாபகம்." பிறகு, "முப்பத்திரண்டோ என்னவோ. இதே மாதிரி எத்தனையோ பார்த்துட்டேன். ஒரு நாள் இதுன்னு தோணுது, ஒரு நாள் அதுன்னு தோணுது" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு எரிந்து விழ வாய் வரவில்லை.

நினைவகம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ஒரு சுலபமான வழி உண்டு. ஓர் இடத்தில் ஏதாவது ஓர் எண்ணை எழுதிப் பார்ப்பது, திரும்பப் படித்துப் பார்ப்பது. எழுதினது வந்தால் அங்கே நினைவகம் இருக்கிறது. ஆனால் எழுதினால் அங்கே ஏற்கெனவே இருந்தது அழியும். குழந்தையின் குரல் மேல் நான் எதை எழுத? மூடியைத் திறக்கலாம். மின்சாரம் ஓடும்போது திருப்புளி ஒரு மயிரிழை வழுக்கினால் எல்லாம் போச்சு. கைபேசி விளக்கைப் பிடித்து, அடிப்பக்கத்துக் காற்றுத் துளை வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே கூடுதல் நினைவகத்துக்கான பலகை மாட்டியிருந்தது. அதன் விளிம்புதான் தெரிந்தது. அதில் சில்லுகள் இருக்கின்றனவா, வெறும் பலகையா என்று தெரியவில்லை.

"பலகை இருக்கு" என்றேன்.

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்த அறைக்குள் அவள் கால் வைப்பதில்லை. அத்தான் தலையை நிமிர்த்தினார்.

"வேண்டாம்டா" என்றார். "இருந்தாலும் வேண்டாம்."

"ஏன்?" என்றாள் அக்கா. அவரைப் பார்த்து அவள் நேராகப் பேசி நான் பார்த்து வெகு நாளாயிற்று.

"நாற்காலி சத்தத்தோட முதல் பாதி முடியுது. அதுக்கப்புறம் என்ன கேக்கும்னு நினைச்சுப் பார்த்தியா? பால்கனிக் கதவு திறந்துதான் இருந்துச்சு."

"என்ன கேட்டாலும் பரவாயில்ல. என் குரல் அதுல இருக்கு."

"அதுக்காக அதையும் கேக்கணுமா?"

"நீங்க சொன்ன வார்த்தையைத் தினம் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

நான் என்ன செய்வேன், நடுவில் மாட்டிக்கொண்ட மத்தளம். பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எழுதத்தான் ஆபத்து, படிப்பதில் ஆபத்து இல்லை. நிறுத்து விசையை அழுத்திப் பதிவு நிரலிலிருந்து வெளியே வந்தேன். கட்டளைகளைத் தட்டுவதற்கென்று அந்தப் பெட்டியில் தனியாக ஒரு சின்ன இடம் உண்டு, ஒலி இருக்கும் இடத்தை அது தொடாது. இரண்டாவது பாதி ஆரம்பிக்கும் இடத்தின் எண்ணைக் கொடுத்து, அங்கே இருப்பதைத் திரையில் காட்டு என்று கேட்க வேண்டும். அந்த எண்ணிலேயே ஓர் இரண்டு வந்து தொலைத்தது. செத்த விசையை நாலு குத்து குத்தினேன், அது மசியவில்லை. பிறகு, வேறு இரண்டு எண்களைக் கூட்டி அதே எண் வரும்படி தட்டினேன். உப்புப் பெறாத வேலைக்குச் சுற்றி வளைத்துக் கணக்குப் போடுகிறோமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

நினைவகமே இல்லாத இடத்தைப் படித்தால் பொதுவாக வரிசையாக ஒரே எண்தான் வந்துகொண்டிருக்கும். திரையில் வந்தவை வேறு வேறு எண்கள். ஏறின, இறங்கின, மறுபடி ஏறின. ஒலி அப்படித்தான் இருக்கும்.



"இருக்குக்கா" என்றேன். "ஏதோ இருக்கு. முப்பத்திரண்டுதான்."

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் என் வாயை நான் கட்டியிருக்க வேண்டும். இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எந்தப் பழுதுபார்ப்பவனும் இப்படி உளறமாட்டான். வேறு வாடிக்கையாளராக இருந்தால் நானும் உளறியிருக்கமாட்டேன். அக்காவின் முகத்தில் ரத்தம் ஊறிவந்ததைப் பார்த்ததும் எனக்குத் தொழில் மறந்துவிட்டது. அவள் நிலையைத் தாண்டி அறைக்குள் வந்தாள். அத்தான் இரண்டு கையாலும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்த இடத்திலிருந்து ஒலிக்கவிடு என்று தட்டினேன்.

"அம்மா, இங்க வா. வந்து பாரேன்."

பிறகு நாற்காலி இழுபட்டது. அறுந்தது.

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"மறுபடியும் கூப்பிடுறா" என்றாள் அக்கா.

"இல்லக்கா, இரு."

"நான் பேசின இடத்துல அவதான் மறுபடியும் கூப்பிடுறா. நான் பேசவே இல்ல. பேசியிருந்தா எதுக்குடா மறுபடி கூப்பிடப் போறா?"

தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் பாதியின் எண்களைத் திரையில் கொண்டுவந்தேன். பக்கத்திலேயே இரண்டாவது பாதியின் எண்கள். ஒரு வரி பார்த்தேன், ஒன்பது வரி பார்த்தேன். பிசகே இல்லை. ஒரு குழந்தை ஒரே வார்த்தையை இரண்டு தடவை சொன்னால் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருக்காது. நாற்காலியும் அதே இடத்தில் அதே அளவு கிறீச்சிடாது.

"அக்கா, இங்க பாரு. இது வேற கூப்பாடு இல்ல. அதேதான். பலகை சும்மா காலியா இருக்கு. பெட்டியில பதினாறுதான்."

"அப்ப ரெண்டாவது பாதியில எப்படி வந்துச்சு?"

"பத்து வீடு இருக்கற தெருவுல பதினோராவது வீடு எதுன்னு கேக்கற. இல்லைன்னு சொல்லத் தெரியாத ஒருத்தன் உன்னை மறுபடி முதல் வீட்டு வாசல்லயே கொண்டுபோய் விடறான். அந்த மாதிரிதான் இதுவும். இல்லாத இடத்தைக் கேட்டா, இருக்கற இடத்தையே திருப்பிக் காட்டுது. நான்தான் முதல்லயே சரிபார்க்காம உளறிட்டேன்."

அவள் என்னை நம்பவில்லை. ஆனால் அத்தானுக்குப் புரிந்துவிட்டது. அவருக்குத்தான் இந்தப் பெட்டிகளின் குணம் தெரியுமே. எழுந்து வந்து திரையில் இருந்த எண்களை விரல் வைத்து விரல் வைத்துப் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அவன் சொல்றது நிஜம்மா. ஒரே கூப்பாடுதான். அவ மறுபடி கூப்பிடல. நீ சொன்னது இதுல பதியல, அவ்வளவுதான். இடம் இல்ல. நீ சொல்லியிருப்ப. நீ சொல்லாம இருக்கமாட்ட." "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என் நாக்கை அறுக்கணும்."

எத்தனையோ வாரமாக அவள் காத்திருந்த பேச்சு. பெட்டியில் ஒன்றும் கிடைக்காமலே அது கிடைத்துவிட்டது. அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கை அவர் முழங்கால் மேல் போய் விழுந்தது. அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்ல. சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு நைசாகக் கிளம்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"தம்பி" என்றாள் அக்கா.

"சொல்லுக்கா."

"இடம் பாதிதான்னு அந்தப் பெட்டிக்குத் தெரியுமா?"

"பெட்டிக்கு என்ன தெரியும்? அது மண்ணு."

"பதியறப்போ? பாதி நிரம்பினதும் நிறுத்திக்குமா?"

"நிறுத்தாது. முழுசுக்கும் பதியும். ரெண்டாவது பாதிக்கு இடம் இல்லாததால, முதல் பாதி மேலயே..."

நிறுத்திக்கொண்டேன். நிறுத்தி என்ன பிரயோஜனம்? அவள் அடுப்படியில் கணக்குப் போட்டுப் பழகினவள். எடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

"அப்ப நாம கேக்கறது ரெண்டாவது பாதி" என்றாள். "முதல் பாதி அழிஞ்சு போச்சு."

"அப்படியெல்லாம் இல்ல" என்றேன். "சில பெட்டி பாதியோட நின்னுடும். இது நின்னிருக்கும்."

நான் பொய் சொல்லி அவள் கண்டுபிடிக்காத நாளே இல்லை. அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அத்தான் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. நின்னிருக்குமா?"

நின்றிருக்கும் என்று ஒரு சொல் போதும். அதைச் சொல்ல வேண்டும் என்று அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். வாயைத் திறந்தார். படத்தில் எலும்பு முறிந்திருந்தால் முறிந்திருக்கிறது என்று சொல்லியே பழகின மனுஷன். மூடிக்கொண்டார்.

அக்கா தலையாட்டினாள். குரலை உயர்த்தாமல், கடைக்குப் போய் வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அவ கூப்பிட்டா. நான் பால் பொங்குதேன்னு பார்த்துக்கிட்டே, இதோ வர்றேன்னு சொன்னேன். அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா அவ நாற்காலியை இழுத்த சத்தம் எனக்குக் கேக்கவே இல்லடா. இந்த ரெண்டாவது கூப்பாடும் கேக்கல. ஒரே கூப்பாடுதான்னு நினைச்சுட்டு இருந்தேன், அதான் புரியாம இருந்துச்சு."

"அக்கா, போதும்."

"பதில் சொன்னேன், பதில் சொன்னேன்னு இவரோட இத்தனை நாள் மல்லுக்கு நின்னேன்" என்றாள். "சொல்லித்தான் இருக்கேன். சொல்லிட்டுப் போகல."